முதலில் மோந்து பார்

அர்டெல்லா பிப் மரச்சுத்தியலைத் தூக்கினால் கால்ட்வெல் ஹோட்டலின் பாரில் பேச்சு தானாக அடங்கும். கித்தான் பைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு, பையின் வாயை முறுக்கிப் பிடித்து, மேசை அதிரச் சாத்துவாள். ஜூலெப் என்னும் புதினா விஸ்கிக்கு, இயந்திரத்தில் பொடித்த ஐஸ் அவளுக்கு ஆகாது. அது ஈரமாக இருக்குமாம். கித்தான் அந்த ஈரத்தைக் குடித்துவிடும். பையைக் கவிழ்த்தால் ஐஸ் உலர்ந்த மணல் மாதிரிச் சரியும். வெளியூர் விருந்தாளி யாராவது காதைப் பொத்திக்கொண்டால், "ஜூலெப் வேணும்னா சத்தமும் சேர்த்துத்தான் கண்ணு" என்பாள்.

அந்த மேசைக்குப் பின்னால் அவள் வந்து சேர்ந்ததே ஒரு பெண்குதிரையின் தயவில்தான். அப்போது அவள் கால்ட்வெலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சின்னப் பெண். டெர்பி குதிரைப் பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, லூயிவில்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பந்தய மைதானத்துக்கு ஓடும் நாள். பாரில் இருந்த ஆண்கள் இருவரும் அரை மணியில் வந்துவிடுவதாகச் சொல்லி ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் பணம் கட்டிய பெண்குதிரை தோற்றிருந்தால் திரும்பி வந்திருப்பார்கள். ஜெயித்துவிட்டது. அன்று மாலை வரை அவர்களை யாரும் பார்க்கவில்லை.

வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. அர்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அந்நாளைய மேலாளர் ஓடிவந்து, கழுவுகிற இடத்துக்குப் போகச் சொல்லிக் கத்தினார். "போறேன் சார். இவங்ககிட்ட ஜூலெப் கிடையாதுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போயிடறேன்" என்றாள் அவள். அவர் வரிசையைப் பார்த்தார். தொப்பி வைத்த பெண்கள், சுருட்டுப் பிடித்த ஆண்கள், எல்லாருக்கும் தாகம். திரும்பி உள்ளே போய்விட்டார்.

அவள் கலந்த முதல் ஜூலெப்பைக் குடித்த மனிதர் விஷம் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். புதினாவைச் சட்னிக்கு அரைப்பதுபோல் நசுக்கித் தள்ளியிருந்தாள். அடுத்த கோப்பையில் கொஞ்சம் குறைத்தாள். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். பொழுது சாய்வதற்குள் கைக்குப் பிடிபட்டுவிட்டது: இலையைச் சர்க்கரைப் பாகில் லேசாக அழுத்தினால் போதும், அது காயப்படக் கூடாது. அன்று வந்தவள்தான். பிறகு எத்தனையோ மேலாளர்கள் வந்து போனார்கள். அவள் போகவில்லை.

ஒருமுறை அவள் போகும் சபையின் பாஸ்டர், மதுவை ஊற்றிக் கொடுக்கிற கைகளைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரசங்கம் செய்தார். பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவள் குடியிருக்கும் ஸ்மோக்டவுன் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. அர்டெல்லா முன்வரிசையில் வெள்ளைக் கையுறையோடு உட்கார்ந்திருந்தாள். காணிக்கைத் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுபோவது அவள் பொறுப்பு. பிரசங்கம் முடிந்ததும் எழுந்தாள். முந்தின நாள் பாரில் கிடைத்த டிப்ஸ் நோட்டை எல்லாரும் பார்க்கத் தட்டில் முதலாவதாகப் போட்டாள். பிறகு தட்டை பாஸ்டரின் மனைவியிடம் நீட்டினாள். தங்கை கார்லிஸ் அவமானத்தில் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் பாஸ்டர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஜூலெப் என்பது வாயால் குடிக்கிற பானம் என்று நினைப்பவர்கள் அதைச் சரியாகக் குடித்ததில்லை. வெள்ளிக் குவளையில் ஐஸ் தூளைக் கோபுரமாகக் குவித்து, பர்பன் விஸ்கியை ஊற்றிக் கிண்டினால், குவளையின் வெளிப்பக்கம் வெண்பனி பூக்கும். விரல் பட்டால் அந்தப் பனி அழிந்துவிடும். அதனால் விளிம்பையும் அடியையும் மட்டுமே தொட வேண்டும். மேலே புதினாக் கொத்தை, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிச் செருகுவார்கள். ஸ்ட்ராவை வேண்டுமென்றே குட்டையாக வெட்டி, கொத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துவார்கள். உறிஞ்சக் குனிகிறவனின் மூக்கு நேரே புதினாவுக்குள் போகும். முதலில் வாசனை, பிறகு குளிர், பிறகுதான் விஸ்கியின் சூடு. அந்த வரிசை தப்பினால் அது வெறும் சர்க்கரை விஸ்கி.

அப்படிப்பட்ட பானத்தைக் கலக்கிற அர்டெல்லாவுக்கு மூக்கு போய்விட்டது.

கொரோனா வந்து படுத்தாள், எழுந்தாள். காய்ச்சல் போனது, இருமல் போனது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. வரும் வரும் என்று இருந்தாள். ஒரு காலை காப்பியில் பாலை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டிலிருந்து கார்லிஸ் வந்தாள். கதவைத் திறந்ததுமே மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அந்தப் பால் திரிஞ்சு எத்தனை நாளாச்சு? உனக்கு நாத்தம் தெரியலையா?"

அர்டெல்லா கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். கார்லிஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இனி பார் வேலையை விட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கே ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே உன் மூக்கை மூடிட்டாரு. கையை எடுத்துக்கோன்னு சொல்றாரு. இதுகூடப் புரியலையா?"

"கையை எடுக்கச் சொல்றவரு கையை எடுத்திருப்பாரு. மூக்கைத்தானே எடுத்தாரு."

கார்லிஸ் யாரிடமும் சொல்லவில்லை. சகோதரிகளுக்குள் எவ்வளவு சண்டை இருந்தாலும் அந்தப் பக்கம் அவள் கெட்டி.

வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பது அர்டெல்லாவுக்குத் தெரியும். அவளோடு வேலை பார்த்த வாஷ்பர்னுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது, ஹோட்டல்காரர்கள் திட்டவில்லை, சண்டை போடவில்லை. கேக் வெட்டினார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். கைதட்டி வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் கேக்கில் ஒரு துண்டை அர்டெல்லாவும் தின்றாள். தன் பெயர் எழுதிய கேக்கை எவனும் வெட்டக் கூடாது என்று அன்றே தீர்மானித்துக்கொண்டாள்.

அதனால் மறைத்தாள். பாகின் பதத்தை இரு விரலுக்கிடையே கம்பி இழுத்துப் பார்த்தாள். இனிப்பும் கசப்பும் எரிப்பும் நாக்கில் இன்னும் இருந்தன, அது போதும். விஸ்கிக் கம்பெனி ஆட்கள் புதுச் சரக்கைக் கொண்டுவந்து எல்லாருக்கும் மோந்து பார்க்கக் கொடுத்தால் கடைசியாகத்தான் வாய் திறப்பாள். பக்கத்தில் இருப்பவன் வெனிலா என்பான், அடுத்தவன் புகையிலை என்பான். அவள் குவளையை மூக்கடியில் வைத்து, கண்ணைச் சுருக்கி, "ரெண்டும் இருக்கு, ஆனா அவசரப்பட்டு வெளிய வருது" என்பாள். அவர்கள் தலையாட்டி அதை எழுதிக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட அவள் நம்பியது குடிப்பவர்களின் முகத்தை. புதினா சரியாக இருந்தால் முதல் உறிஞ்சலில் மனிதனுக்குக் கண் தானாக மூடும். யாராக இருந்தாலும் மூடும். அவள் கவனிப்பது அதைத்தான். இத்தனை பேர் கண்ணை மூடினார்கள், இன்றைக்கு எல்லாம் சரி. அப்படியே காலம் ஓடிவிட்டது.

புது மேலாளர் கிளேட்டன் ப்ரூவிட்டுக்குப் புதுமையில் மோகம். கண்ணாடிக் கூண்டுக்குள் புகையை அடைத்துக் கொடுப்பது, ஊதாநிற ஐஸ், நுரையின் மேல் தங்கத் தூள். மனிதன் கெட்டவன் இல்லை. அவள் மூட்டு வலிக்கு மேசைக்குப் பின்னால் ரப்பர் விரிப்பு போட்டுக் கொடுத்தவனே அவன்தான். ஆனால் டெர்பி முடிந்ததும் ஜூலெப் மூலையை எடுத்துவிட்டு அங்கே வேறு ஏதோ வைக்கப் போவதாக ஊழியர்களுக்குள் பேச்சு இருந்தது. அர்டெல்லா நேரடியாகக் கேட்டாள். டெர்பி போகட்டும், பேசலாம் மிஸ் அர்டெல்லா, என்றான். கேக் வாங்குகிறவர்கள் பேசுவது அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். இந்த டெர்பியில் ஒரு பிசகும் வரக் கூடாது.

ஹோட்டலுக்கு வரும் புதினாவை அவள் ஜூலெப்புக்குத் தொடுவதில்லை. அது பெட்டியில் தூங்கிவிட்டு வருகிறதாம். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும் அவளுடைய ஒல்லி வீட்டின் பின்புறம், கூரைத் தண்ணீர் கொட்டும் குழாயடியில், அவளுக்கென்று ஒரு புதினாப் பாத்தி உண்டு. டெர்பி சனிக்கிழமை விடிந்ததும் கத்திரிக்கோலோடு போனாள். பாத்தி பனியில் நனைந்து, எப்போதும் இல்லாத அடர்த்தியில் நின்றது. வாளி நிறைய வெட்டினாள். நல்ல பச்சை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

காலை ஒன்பதுக்கெல்லாம் பார் பிதுங்கியது. மைதானத்துக்குப் பேருந்து கிளம்புவதற்குள் ஒரு ஜூலெப்பாவது உள்ளே போக வேண்டும். பன்றித் தொடைக்கறி வைத்த குட்டி ரொட்டித் தட்டுகள் தலைக்கு மேலே நகர்ந்தன. தொப்பிகள் ஒன்றையொன்று இடித்தன. ஒரு தொப்பியின் மேல் முழு மயிலே உட்கார்ந்திருந்தது. அர்டெல்லா சுத்தியலை இறக்கினாள், குவளைகளை நிறைத்தாள், கொத்துகளைத் தட்டிச் செருகினாள், நிமிர்ந்து முகங்களைப் பார்த்தாள்.

கண்கள் மூடவில்லை.

சிகாகோவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் புருவம் ஏறியது. அவளுடைய கணவனுக்கும் ஏறியது. "அட, இது நல்லா இருக்கே" என்றான் அவன். அடுத்தவளுக்குப் பாதி மூடி, பாதி திறந்தது. அதற்கடுத்தவன் மூடினான், சரியாக இருந்தது. நாலாவது ஆளுக்கு மறுபடியும் புருவம். அர்டெல்லாவுக்குக் கை ஓடிக்கொண்டிருந்தது, கண் அடுத்த முகத்தைத் தேடியது.

மேசையின் கோடியில் ஹாஸ்கெல் ஓவர்பி உட்கார்ந்திருந்தார். குதிரைகளுக்கு லாடம் அடித்தே முதுகு வளைந்துபோன மனிதர். டெர்பியன்று மைதானத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். குதிரைகளை வேலைநாளில் பார்த்ததே போதும் என்பார். வருடத்துக்கு ஒரு நாள், அதே நாற்காலி, அர்டெல்லாவின் கையால் ஒரே ஒரு ஜூலெப். அவர் குனிந்து ஒருமுறை உறிஞ்சினார். மறுமுறை குனியவில்லை. குவளையை விளிம்பில் பிடித்து, பனி கலையாமல், கொஞ்சம் தள்ளி வைத்தார்.  அவளைப் பார்க்கவில்லை.

அர்டெல்லா அவர் பக்கம் நகர்ந்தாள். "என்ன ஹாஸ்கெல்?"

"ஒண்ணும் இல்ல."

"சொல்லுங்க."

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்ல மேசை துடைக்கிற எண்ணெய் ஒண்ணு இருக்கு. எலுமிச்சை போட்டது. அந்த வாசம் அடிக்குது, மிஸ் அர்டெல்லா."

அவள் வாளியிலிருந்து ஒரு கொத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேல் இலைகள் புதினா மாதிரியே இருந்தன. கீழ் இலைகளின் ஓரத்தைப் பார்த்தாள். புதினாவின் ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும். இதில் பல் மழுங்கி வட்டமாக இருந்தது. புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி தேநீரில் போடுவதற்காக வேலியோரம் நட்ட லெமன் பாம் செடி. புதினாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பார்வைக்கு அச்சு அசல், வாசனையில் எலுமிச்சை. முன்பெல்லாம் அது வேலியைத் தாண்டி ஒரு தளிர் நீட்டினாலே, களை எடுக்கும்போது கையில் அடிக்கிற வாசனையில் கண்டுபிடித்துப் பிடுங்கி எறிவாள். மூக்கு போன பிறகு களை எடுத்தாள்தான், ஆனால் கண்ணை நம்பி எடுத்தாள். இரண்டு செடிகளும் பாத்திக்குள் குடும்பமே நடத்தியிருக்கின்றன. அவளும் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாள்.

வாளியில் பாதி அதுதான்.

அதற்குள் ப்ரூவிட் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிகாகோ தம்பதி அவனிடம் வியந்து தள்ளியிருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் அதையே கேட்டிருக்கிறார்கள்.

"மிஸ் அர்டெல்லா, நீங்க சொல்லவே இல்லையே. எலுமிச்சைப் புதினா. எவ்வளவு நாளா இதை மனசுல வெச்சிருந்தீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கரும்பலகையை இழுத்து, சாக்பீஸால் பெரிதாக எழுதினான்: அர்டெல்லாவின் எலுமிச்சை ஜூலெப். குனிந்து அவள் காதருகே, இனி இது வருடம் முழுக்க மெனு அட்டையில் இருக்கும், இந்த மூலையை யாரும் தொட மாட்டார்கள், அவளையும் யாரும் தொட மாட்டார்கள் என்று சொன்னான். பலகையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டினான். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

அவளுக்கு வேண்டியது எல்லாம் அந்தப் பலகையில் இருந்தது. தலையை ஆட்டினால் போதும். மூலை மிஞ்சும், வேலை மிஞ்சும், மூக்கைப் பற்றி எவருக்கும் தெரியவேண்டியதில்லை. எத்தனையோ பேருக்குப் பெயர் வாங்கித் தந்த பானங்கள் இப்படிக் கைதவறிப் பிறந்தவைதான். ப்ரூவிட்டும் அதைத்தான் சொல்வான், சொன்னால் அதில் பொய்யும் இல்லை.

அவள் கோடியைப் பார்த்தாள். ஹாஸ்கெலின் குவளையில் பனி உருகி ஓடத் தொடங்கியிருந்தது. அவர் பையைத் தடவி, வழக்கமாக வைக்கிற டிப்ஸை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார். குடிக்காத ஜூலெப்புக்கு டிப்ஸ். இரக்கப்பட்டு வைக்கிற டிப்ஸ்.

"உட்காருங்க ஹாஸ்கெல்" என்றாள்.

ஈரத் துணியை எடுத்தாள். பலகையை ஒரே இழுப்பில் துடைத்தாள். தன் பெயரையும் சேர்த்துத்தான்.

"மிஸ் அர்டெல்லா" என்றான் ப்ரூவிட்.

அவள் மரச்சுத்தியலை எடுத்து வெறும் மேசையில் ஒரு அடி அடித்தாள். மயில் தொப்பிக்காரி உட்படப் பார் முழுக்கத் திரும்பியது.

"கேளுங்க. நீங்க கையில வெச்சிருக்கிறது ஜூலெப் இல்ல. அதுல கிடக்கிறது புதினா இல்ல, வேற ஒரு தழை. நான்தான் வெட்டிட்டு வந்தேன். எனக்கு வாசனை தெரியாது. கொரோனா வந்ததுலேருந்து தெரியாது."

ப்ரூவிட் அவள் முழங்கையைப் பிடித்தான். இதை இங்கே வேண்டாம், உள்ளே போய்ப் பேசலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"இங்கதான் கலந்தேன், இங்கதான் சொல்வேன்" என்றாள் அவள். முழங்கையை விடுவித்துக்கொண்டாள்.

சிகாகோ கணவன் நல்ல மனதோடு குறுக்கிட்டான். தனக்கு இது பிடித்திருக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை, இதிலென்ன இருக்கிறது என்றான்.

"பிடிச்சா குடி கண்ணு, வேண்டாங்கல. அதுக்கு வேற பேரு வெச்சுக் குடி. ஜூலெப்னு இந்த மேசையில கேட்டா நான் ஜூலெப்தான் குடுப்பேன். அது ஜூலெப்தானான்னு தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்வேன்."

தட்டில் தயாராக நின்ற குவளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தாள். நல்ல பர்பன் வடிகுழாயில் போவதைப் பார்த்து யாரோ பின்வரிசையில் முனகினார்கள். பிறகு வாளியைத் தூக்கி மேசையின் மேல், எல்லார் நடுவிலும், தொப்பென்று வைத்தாள்.

"கண்ணால பிரிக்கலாம், ஆனா இளங்கொத்துல ஏமாத்திரும். எனக்கு மூக்கு வேணும். ஹாஸ்கெல், உங்க மூக்கு எப்படி?"

"லாயத்துல கிடந்த மூக்கு" என்றார் ஹாஸ்கெல். "அதையும் மீறி வேலை செய்யுது."

அவர் தொப்பியைத் திரும்ப வைத்தார். அவள் நீட்டிய கொத்தை விரலால் கசக்கி, சபையில் ஜெபம் செய்கிறவர் மாதிரிக் கண்ணை மூடி மோந்தார். புதினா என்று ஒரு பக்கம் வைத்தார். அடுத்தது. எலுமிச்சை என்று மறுபக்கம் வைத்தார். மயில் தொப்பிக்காரி பொறுக்க முடியாமல் ஒரு கொத்தை எட்டி எடுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் இன்னொன்றை எடுத்தாள். மயிலின் வால் ஐஸ் குவியலுக்குள் போனது. அர்டெல்லா அதைப் பிடித்து வெளியே எடுத்து, "உன் பறவையைக் கட்டிப் போடும்மா, அதுக்கு நான் ஊத்தல" என்றாள். ஒருவன் தும்மினான். ஜலதோஷக்காரர்கள் வரிசையின் கடைசிக்குப் போகலாம் என்று அறிவித்தாள். சிரிப்பு எழுந்தது, கொத்துகள் கைமாறின, வாதங்கள் கிளம்பின. இது புதினாதான் என்று ஒருவன் சத்தியம் செய்ய, இல்லவே இல்லை என்று அவன் மனைவி பிடுங்கி எறிந்தாள்.

புதினா என்று தேறியது சின்னக் குவியல். வரிசையோ வாசலைத் தாண்டி நின்றது. அர்டெல்லா கார்லிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டதாகவும், புதினா போதவில்லை என்றும் சொன்னாள்.  கார்லிஸ், எத்தனை கட்டு வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

சபைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், வெள்ளைக் கையுறையோடு, பிறந்ததிலிருந்து மதுக்கடை வாசலை மிதிக்காத கார்லிஸ் கால்ட்வெலின் பாருக்குள் வந்தாள். இரண்டு கையிலும் மளிகைப் பைகள். கூட்டம் தானாக வழிவிட்டது. பைகளை மேசையில் வைத்தாள்.

"சபைக்குப் பின்னால, தண்ணிக் குழாயடியில இருந்தது. ஒவ்வொண்ணா மோந்து பார்த்துத்தான் வெட்டினேன். எல்லாம் புதினா."

"பாஸ்டர் பார்க்கலையா?"

"பார்த்தாரு. ஐஸ் டீக்குன்னு சொன்னேன்." குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீ சீக்கிரம் ஊத்து, நாலு பேரு பார்க்கிறாங்க."

சுத்தியல் இறங்கியது. அன்று அர்டெல்லா ஒரு புது ஒழுங்கு வைத்தாள். குவளையைக் கொடுப்பதற்கு முன் கொத்தைக் கையில் கொடுத்தாள். "முதல்ல மோந்து பாரு. புதினாதானே? உறுதியா? அப்ப குடு." வாங்கி, உள்ளங்கையில் தட்டி, ஐஸில் செருகினாள். வெளியூர்க்காரர்கள் இது இந்த ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துப் பயபக்தியோடு மோந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே மோந்தார்கள். ஹாஸ்கெலுக்குப் புதுக் குவளை போனது. அவர் குனிந்தார். அவர் கண் மூடுவதை அர்டெல்லா பார்த்தாள். அது திறக்கிற வரை அடுத்த குவளையைத் தொடவில்லை.

மாலையில் ஊர் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் மூச்சைப் பிடித்து நின்று, குதிரைகள் ஓடி முடித்து, பார் காலியான பிறகு, ப்ரூவிட் வந்தான். அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மேலிடத்தில் பேசிவிட்டதாகச் சொன்னான். வாசனை தெரியாதவரைப் பாரில் நிறுத்த அவர்களுக்குப் பயம். ஆனால் அவளை அனுப்ப அவன் சம்மதிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து கீழே, விருந்தாளிகளின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கிற கோட் அறை. சம்பளம் குறையாது. உட்கார்ந்தே பார்க்கிற வேலை, மூட்டுக்கும் நல்லது.

அர்டெல்லா வெள்ளிக் குவளைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். "கேக் இல்லையா?" என்று கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

மே மாதத்து லூயிவிலில் கோட் அறைக்கு யார் வருவார்கள்? செவ்வாய்க்கிழமை வெயில் பொசுக்கியது. ஸ்மோக்டவுனிலிருந்து ஹோட்டல் வரை பேருந்தில் வந்தவர்கள், உரோமக் காலர் வைத்த கனத்த குளிர்காலக் கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை விட்டு விலகி நின்றார்கள். நெற்றியில் வியர்வை வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

நேராகக் கோட் அறைக்குப் போனாள். கோட்டைக் கழற்றினாள். காலியாகக் கிடந்த கம்பியில் நடு நாயகமாக மாட்டினாள். அதற்குரிய டோக்கனைத் தானே எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். கோட் அறை வேலை முடிந்தது. படியேறி பாருக்குப் போனாள்.

கித்தான் பையில் ஐஸ் விழுகிற சத்தம் கேட்டு ப்ரூவிட் அறையிலிருந்து வந்தான். மேசையில் ஏற்கெனவே மூன்று பேர் காத்திருந்தார்கள். மயில் தொப்பிக்காரி, இன்று தொப்பி இல்லாமல், இரண்டு தோழிகளோடு. மோந்து பார்த்துக் குடிக்கிற ஜூலெப் எங்கே கிடைக்கும் என்று தோழிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ் அர்டெல்லா, நான் சனிக்கிழமை சொன்னேனே" என்றான் அவன்.

"சொன்னே. போய்ட்டுத்தான் வந்தேன். ஒரு கோட்டு வந்துது, மாட்டியாச்சு. இன்னொண்ணு வந்தா கூப்பிடு, இறங்கி வரேன்."

அவன் நின்றான். மூன்று பெண்களும் அவனையே பார்த்தார்கள். அர்டெல்லா பையைக் கவிழ்த்தாள். ஐஸ் உலர்ந்த மணலாகச் சரிந்தது. பர்பனை ஊற்றினாள், கிண்டினாள். குவளையின் உடம்பில் மெல்லப் பனி பூத்தது. காலையில் கார்லிஸ் வேலியோரம் மண்டிபோட்டு உட்கார்ந்து, பாத்தியின் ஒவ்வொரு தண்டையும் மோந்து, பாதியைப் பிடுங்கி எறிந்த பிறகு மிஞ்சிய புதினாவிலிருந்து ஒரு கொத்தை எடுத்தாள். மேசைக்கு மேலே ப்ரூவிட்டின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எனக்குத் தெரியாது. நீ மோந்து பாரு."

அவன் சுற்றிலும் பார்த்தான். வேறு வழி தெரியாமல் குனிந்தான். கொஞ்ச நேரம் நிமிரவில்லை. அவன் கண் மூடியிருப்பதை அவள் பார்த்தாள்.

"புதினாதான், மிஸ் அர்டெல்லா."

"உறுதியா?"

"உறுதியா."

"அப்ப குடு" என்று வாங்கி, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி, ஐஸில் செருகினாள். கீழே கோட் அறையில், நீளமான வெறும் கம்பியில், உரோமக் காலர் கோட்டு தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.